கல்லாவில் கூடும் காசு

1

கல்லாவில் ஒரு தினாரும் முந்நூற்றைம்பது ஃபில்ஸும் கூடுதலாக இருந்தது. ஏன் என்று ஜோஸ்மிக்குத் தெரியவில்லை. இந்தக் கதையை எழுதுவது நான். எனக்கும் தெரியவில்லை.

இந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை, ஒரு கட்டுரை. அமெரிக்கா தனி நாடான புதிதில் அங்கே சந்தையிலும் சத்திரத்திலும் புழங்கிய காசில் பெரும்பங்கு அயல்நாட்டுக் காசு. குறிப்பாக ஸ்பெயின்காரர்களின் வெள்ளி டாலர். சில்லறை வேண்டுமென்றால் உளியை வைத்து அதை எட்டுத் துண்டாக வெட்டிவிடுவார்கள். கணக்கை மட்டும் பவுண்டு, ஷில்லிங் என்று எழுதுவார்கள். அந்த ஷில்லிங்கைப் பலர் கையால் தொட்டதுகூட இல்லை. ஒரே டாலர் பாஸ்டனில் ஆறு ஷில்லிங், நியூயார்க்கில் எட்டு. இந்த அயல்காசு அங்கே சட்டப்படி செல்லுபடியானது 1857 வரை. ஒரு ஊர் இப்படி இன்னொருவர் காசில் எப்படி மூச்சுவிட்டது என்று விளக்கிக்கொண்டே போகலாம். எனக்கு அதில் தனி ருசி.

ஆனால் நமக்கு அது எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் பக்கத்தில் இருக்கிற ஓர் எடுத்துக்காட்டு கொடுப்போம் என்று பஹ்ரைனில், குதைபியாவில், ஒரு கடையைத் திறந்து கல்லாவில் ஒரு பெண்ணை உட்கார வைத்தேன். பிறகு எழுதினேன்: ‘சனிக்கிழமை நாலு மணிக்கு எண்ணிப் பார்த்தபோது கல்லாவில் காசு’

‘குறைந்தது’ என்று எழுத நினைத்தேன். கை ‘கூடியது’ என்று எழுதிவிட்டது.

அழித்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் இது எப்படி நடக்கும் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. விடை தெரியாமல் விட்டுவிட எனக்குப் பழக்கமில்லை. அப்படித்தான் ஜோஸ்மி மாட்டிக்கொண்டாள்.

2

கடையை விளக்கிவிடுகிறேன். ஒரு முனைக்கடை. இங்கே இதைக் கோல்டு ஸ்டோர் என்பார்கள். பால், தயிர், குபூஸ் ரொட்டி, முட்டை, சிகரெட், தண்ணீர் கேன் எல்லாம் உண்டு. வெளியே கார்கள் வந்து நின்று ஹார்ன் அடிக்கும். (ஹார்ன் சத்தத்தைச் சூழலுக்காகச் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் கடை வேறு ஊரில் இருப்பதுபோலத் தெரிந்தது.) காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை கல்லா ஜோஸ்மியுடையது. குளச்சல்காரி. அவள் தங்கை சுபிஷாவுக்கும் இதே முதலாளி விசா எடுத்துக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தாள்கள் அவர் மேசையில் இருக்கின்றன. மேனேஜர் காதர் மைதீன், காயல்பட்டினத்துக்காரர். ஜோஸ்மி அவரை அந்த ஊர் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்பாள். முதலாளி இந்த ஊர்க்காரர், கதைக்குள் வரமாட்டார். போனில் மட்டும் இருப்பார்.

சேதுபதி என்று ஒருவரும் இருக்கிறார், ராமநாதபுரம் பக்கம். (அவருக்கு இந்தக் கதையில் வேலை எதுவும் இல்லை. கேன் தூக்க ஒரு ஆள் வேண்டுமே என்று வைத்தேன்.)

வெள்ளி, சனி வந்தால் சவூதியிலிருந்து கடல் பாலத்தின் வழியாகக் கார்கள் வரிசை கட்டும். அவர்கள் கையில் ரியால் இருக்கும். கடையில் தினார், ஒரு தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். யாரும் மாற்றிக்கொண்டு வருவதில்லை. பத்து ரியால் என்றால் ஒரு தினார், அவ்வளவுதான். வங்கிக் கணக்கில் பத்து ரியாலின் மதிப்பு ஒரு தினாருக்கு மேல் மூன்று ஃபில்ஸ்கூட வராது. அதற்காக யாரும் மல்லுக்கட்டுவதில்லை.

(இதை விளக்காமல் நகர முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்: ஒரு காலத்தில் இங்கே புழங்கியது நம் ரூபாய். 1965இல் தினார் வந்தபோது பத்து ரூபாய்க்கு ஒரு தினார். ரூபாய் போய்விட்டது. ஆனால் நூறு ஃபில்ஸை இன்றும் ‘ருபியா’ என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. இல்லாத காசில் விலை சொல்வது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல.)

பில் போடும் மிஷினில் ரியாலுக்குத் தனி பட்டன் இருக்கிறது. அழுத்தினால் பத்தால் வகுத்துத் தினாராகக் காட்டும். கல்லாவை எண்ணும்போதும் அதே பத்துதான். ஆகவே அந்த மூன்று ஃபில்ஸ் வித்தியாசம் இங்கே உள்ளே நுழையவே முடியாது. அதுதான் கூடுகிறது என்ற என் முதல் விடை இத்துடன் செத்தது.

3

“கூடியிருக்கா?” என்றார் காதர் மைதீன். “எவ்வளவு?”

“ஒண்ணு முந்நூத்தம்பது. கூடுனது நல்லதுதான காக்கா?”

“யாரு புள்ள சொன்னா ஒனக்கு? கொறைஞ்சா சம்பளத்துல புடிச்சுட்டு எழுதிட்டுப் போயிருவேன். கூடுனதுக்கு நான் என்னத்த எழுத?”

அவர் பயம் நியாயமானது. விளக்குகிறேன். கல்லாவில் இருப்பவர் காசு வாங்கிக்கொண்டு பில் போடாமல் சாமானைக் கொடுத்துவிட்டால், மிஷினுக்கு அந்த வியாபாரம் தெரியாது. காசு கல்லாவில் அதிகமாகக் கிடக்கும். எண்ணுவதற்கு முன்னால் அந்த அதிகத்தை உருவிக்கொள்ள வேண்டும், அதுதான் திருட்டு. உருவ நேரம் கிடைக்காவிட்டால் நாலு மணிக்குக் கூடுதல் தெரியும். ஆகவே கடைக்காரர்களின் கண்ணில், குறைவது கவனக்குறைவு, கூடுவது பாதியில் நின்ற களவு.

அடுத்த வாரம் மற்ற நாட்களில் கணக்குச் சரியாக இருந்தது, வெள்ளி சனியில் மட்டும் இரண்டு தினார் நூறு கூடியது. அதற்கடுத்த வாரம் மூன்று தினார் நானூற்று எழுபத்தைந்து.

“அர்பாப் கேட்டுட்டாரு” என்றார் காதர் மைதீன். கடையில் முதலாளியை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். “வர்ற சனிக்கிழமையும் கூடுச்சுன்னா விசாவ கேன்சல் அடிச்சிருங்கிறாரு. ஒன்னோடதும், ஒன் தங்கச்சி பேப்பரும்.”

“நான் கள்ளியா காக்கா?”

“நான் சொல்லலியே.”

“பொறவு?”

வெளியே ஹார்ன் அடித்தது. சேதுபதி கேனைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

4

ஜோஸ்மி அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். ஒவ்வொரு நோட்டையும் விளக்கில் பிடித்தாள். சில்லறைக்குப் பதிலாகச் சூயிங்கம் கொடுப்பதை நிறுத்தினாள். மீதி கொடுக்கும்போது சத்தம் போட்டு எண்ணினாள். ரூமில் அவளோடு தங்கியிருக்கும் நாகவள்ளி, “ஏட்டி, கூடுறத நீயே எடுத்துட்டா சரியாப் போச்சுல்லா” என்று சிரித்தாள். ஜோஸ்மி சிரிக்கவில்லை. எடுத்தால் கணக்குச் சரியாகிவிடும், ஆனால் அன்றைக்குத்தான் அவள் உண்மையில் திருடியிருப்பாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம் இப்படி எழுதினேன்: ‘ஜோஸ்மி ஒரு தயிர் டப்பாவைப் பில் போடாமல் பைக்குள்’

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, ஆனால் அழிக்கவும் இல்லை. நான் அவளைச் சந்தேகப்பட்டேன் என்பது உங்களுக்குத் தெரியட்டும். பிறகு யோசித்தேன்: மூன்று வாரம் திருடத் தயார் செய்துவிட்டு ஒரு வாரம்கூட எடுக்காத திருடியை நான் பார்த்ததில்லை. சாமானை எண்ணிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். ஆனால் ஆயிரம் சாமானை எண்ணக் கடையை ஒரு நாள் மூட வேண்டும். முதலாளி மூடமாட்டார். கடையை நானேதான் கட்டினேன், என்றாலும் அவரை மூட வைக்க என்னால் முடியவில்லை.

என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. கூடுதல் வாரத்துக்கு வாரம் வளர்கிறது. ஜோஸ்மி எவ்வளவு பயப்படுகிறாளோ, அவ்வளவு கூடுகிறது. பயத்துக்கும் சில்லறைக்கும் என்ன தொடர்பு?

5

கைவிட்ட முடிவுகள் மூன்று. மறைக்காமல் வைக்கிறேன்.

மிஷின் பழுது. (வெள்ளி சனியில் மட்டும் பழுதாகும் மிஷின் கிடையாது.)

காதர் மைதீன் அவளை மாட்டிவிடக் காசு போடுகிறார். (ஏன்? அவருக்கு அவளைவிட நல்ல ஆள் கிடைக்காது. தவிர, அவர் முகத்தில் அந்தப் புத்தியை வரைய எனக்கு மனம் வரவில்லை.)

ஜோஸ்மி வேலையை விட்டு ஊருக்குப் போய்விடுகிறாள், விமானத்திலிருந்து கடலைப் பார்க்கிறாள். (அழகான முடிவு. ஆனால் கல்லா கூடியது ஏன் என்று கடைசிவரை தெரியாது. சுபிஷாவின் விசாவும் போய்விடும். எழுதுகிறவருக்கு மட்டும் சௌகரியமான முடிவு.)

வியாழக்கிழமை வந்துவிட்டது. நான் அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

6

வேறு வழி தெரியாமல் கட்டுரைக்குத் திரும்பினேன். அமெரிக்காவில் ஸ்பானிய டாலர் மெக்சிகோவில் அச்சாகி பாஸ்டன் வரை போகும். வெள்ளி எங்கும் வெள்ளி. ஆனால் சின்னச் செப்புக்காசின் கதை வேறு. ஒரு ஊரில் வாங்குவான், அடுத்த ஊரில் முகத்தைத் திருப்புவான். ஒரு வண்டிக்காரன் ஊரை விட்டுப் புறப்படும்போது அந்தச் செப்பை என்ன செய்திருப்பான்? பையில் வைத்தால் கனம். அடுத்த ஊரில் செல்லாது.

அங்கேயே கைவிட்டுவிட்டுப் போயிருப்பான்.

பேனாவைக் கீழே வைத்தேன். அது வண்டிக்காரன் கதை மட்டும் இல்லை. ஐம்பது ரியால் நோட்டைக் கொடுத்து மூன்று தினார் அறுநூற்றைம்பதுக்குச் சாமான் வாங்குகிறவருக்கு மீதி ஒன்று முந்நூற்றைம்பது. அதை ஜோஸ்மி எப்படிக் கொடுப்பாள்? ஒரு தினாருக்குப் பதில் பத்து ரியால் நோட்டு, மிச்சத்துக்கு முந்நூற்றைம்பது ஃபில்ஸ் சில்லறை. பத்து ரியால் பாலத்தைத் தாண்டி அவர் ஊரில் செல்லும். சில்லறை செல்லாது.

அந்தச் சில்லறை எங்கே போகிறது?

ஜோஸ்மியின் கண் முன்னால் யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை, போயிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அவளும் நானும் பார்க்காத ஓர் இடத்தில் மீதி கைமாறுகிறது. எழுதியதை முதலிலிருந்து படித்தேன். இரண்டாம் பகுதியிலேயே இருந்தது. சூழலுக்காகச் சேர்த்தேன் என்று நான் பெருமையாகச் சொன்ன ஹார்ன்.

ஹார்ன் அடித்தால் வெளியே போவது யார்? நான் கேட்டதே இல்லை.

7

வெள்ளிக்கிழமை, பகல். இந்த முறை சேதுபதியோடு நானும் வெளியே போகிறேன்.

வெள்ளை நிறப் பெரிய கார். கண்ணாடி நாலு விரல் இறங்குகிறது. “யல்லா, பாய். ரொட்டி, பானி.” சேதுபதி நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறார், ஜோஸ்மி கொடுத்த மீதியோடும் பையோடும் திரும்பி வருகிறார். உள்ளேயிருந்து ஒரு கை பையை வாங்குகிறது, ரியால் நோட்டை வாங்குகிறது, சில்லறையை அவர் பக்கமே தள்ளுகிறது. “கலாஸ், கலாஸ்.” போதும், போ என்று அர்த்தம். கண்ணாடி ஏறிவிடுகிறது.

மற்றக் கடைகளில் அது கடைப் பையனுக்கு டிப்ஸ். இந்தக் கடையில் டிப்ஸ் கூடாது. அதற்காகவே யூனிஃபார்ம் சட்டையிலும் பேண்டிலும் பாக்கெட்டைத் தைத்து மூடியிருக்கிறார்கள். சேதுபதி கையில் காசோடு வெயிலில் நிற்கிறார். அதைப் போட அவர் உடம்பில் இடமே இல்லை. தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கப் வைத்திருக்கிறார். அதில் போடுகிறார்.

இப்போது எனக்குத் தெரியும், ஜோஸ்மிக்குத் தெரியாது. கதைக்குள் நுழைந்து நான் அவளிடம் சொல்லக் கூடாது. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: பில் மிஷினில் பேப்பர் ரோலைத் தீர்த்துவிட்டேன்.

நாலு மணி. கல்லா திறந்து கிடக்கிறது. வழக்கமாக அறிக்கை முழுவதும் அச்சாகும் வரை ஜோஸ்மி மிஷின் பக்கம் திரும்பி நிற்பாள். இன்று பாதியில் பேப்பர் தீர்ந்தது. புது ரோல் எடுக்கத் திரும்பினாள். சேதுபதி பிளாஸ்டிக் கப்பைக் கல்லாவுக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“சேது அண்ணே, என்னத்த போடுறிய?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி.”

“நான் பாத்தேம்லா. கப்புல என்ன?”

“எடுக்கல தாயி. போடத்தான் செஞ்சேன். கார்க்காரன் வேணாமுண்டு தள்ளுற காசு. சத்தியமா ஒரு ஃபில்ஸ் எடுக்கல.”

ஜோஸ்மி கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். “எத்தன நாளா?”

“மூணு வாரமாத்தான். அதுக்கு முந்தி கார் வேலைக்கு வேற ஆள் இருந்தான்ல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “கணக்கு சரியில்லன்னு மேனேஜர் பாய் ஒன்னைய ஏசுனாரு. கொறையுதாக்கும்னு நெனச்சேன். பாவம், புள்ள சம்பளம் போகுதேன்னு போன வாரம் என் காசு அரைத் தினாரும் சேத்துப் போட்டேன்.”

“கொறையலண்ணே” என்றாள் ஜோஸ்மி. சிரிப்பா அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை. “கூடுது. நீங்க போடப் போடக் கூடுது!”

“கூடுனா என்ன தாயி தப்பு?”

“இதத்தான் நானும் கேட்டேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மொதல்லயே சொல்லப்பிடாதா?”

“சொன்னா, இத்தன நாளு எம்புட்டு எடுத்தேன்னு கேப்பாக. முந்தின கடையில கேட்டாக. இல்லேன்னு எப்புடி நிரூபிக்கிறது? எடுத்தத காட்டலாம். எடுக்காதத எங்குட்டுக் காட்டுறது?”

அவள் கப்பிலிருந்து இன்னும் விழாத காசை அவரிடமே கொடுத்து, “நாளைக்கு வரைக்கும் யார்கிட்டயும் பேசாதிங்க” என்றாள்.

8

இங்கேதான் எனக்குச் சிக்கல். விடை கிடைத்துவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். காதர் மைதீனிடம் ஜோஸ்மி நடந்ததைச் சொன்னால் அவள் தப்பிப்பாள். அடுத்த கணம் கேள்வி சேதுபதியின் பக்கம் திரும்பும். கேன் தூக்க மட்டும் என்று வைத்த மனிதரை நானே கொண்டுபோய்க் கூண்டில் நிறுத்தியதாகிவிடும். ‘ஜோஸ்மி மேனேஜரின் அறைக் கதவைத் தட்டி, சேது அண்ணன்தான்’

இல்லை. அவள் தட்டவில்லை. நான் எழுதாமல் விட்டேனா, அவள் மறுத்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை பகலில் ஹார்ன் அடித்தது. சேதுபதி உள்ளே ஃப்ரீஸரில் கை விட்டிருந்தார். அவரை அந்த வேலைக்கு அனுப்பியது ஜோஸ்மி.

“காக்கா, ஒரு தடவ நீங்க போங்களேன். அண்ணன் மீன் அடுக்குறாவ.”

“நானா?”

“கார்க்காரன் போயிருவான், சீக்கிரம்.”

காதர் மைதீன் முனகிக்கொண்டே போனார். மேனேஜர் ஆனபிறகு அவர் கார் அருகில் போனதே இல்லை. கண்ணாடி வழியாக ஜோஸ்மி பார்த்துக்கொண்டிருந்தாள். பை உள்ளே போனது. நோட்டு உள்ளே போனது. கண்ணாடி ஏறியது. கார் நகர்ந்தது. காதர் மைதீன் மட்டும் உள்ளங்கையை விரித்தபடி வெயிலில் நின்றார்.

அவர் சட்டையில் பாக்கெட் தைத்து மூடப்படவில்லை. கை பாதி வழி போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் ஜோஸ்மி நிற்பதைப் பார்த்ததும் கை நின்றது. உள்ளே வந்தார்.

“எடுக்க மாட்டேங்கிறான். முந்நூத்தம்பது இருக்கு. இத எங்க புள்ள போடுறது?”

“அதத்தான் காக்கா மூணு வாரமா யாருக்கும் தெரியல.”

அவர் கையைப் பார்த்தார். கல்லாவைப் பார்த்தார். பிறகு ஃப்ரீஸர் பக்கம் பார்த்தார். சேதுபதி முதுகைக் காட்டியபடி மீன் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார், மிக மிக மெதுவாக. காதர் மைதீன் என்னவோ கேட்க வாயைத் திறந்தார். தன் கையிலிருந்த காசு மறுபடி கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டார்.

ஜோஸ்மி கழுவிக் காய வைத்திருந்த ஒரு ஊறுகாய் பாட்டிலை அவர் முன்னால் நகர்த்தினாள். காசு கண்ணாடியில் விழுந்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

9

நாலு மணிக்குக் கல்லாவை இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். மிஷின் சொன்னதும் கல்லாவில் இருந்ததும் ஒன்றுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாட்டிலில் கால் உயரத்துக்குச் சில்லறை கிடந்தது.

காதர் மைதீன் போனை எடுத்து முதலாளியின் நம்பரை அழுத்தினார். மணி அடிக்கிறது.

அந்தப் பேச்சை நான் எழுதப் போவதில்லை. எழுதிப் பார்த்தேன், ஒன்று இனிப்பாக வந்தது, ஒன்று கசப்பாக வந்தது, இரண்டிலும் என் கை தெரிந்தது. முதலாளி சிரிக்கலாம். மூன்று வாரக் கூடுதலுக்குக் கணக்குக் கேட்கலாம். டிப்ஸ் தடை, தைத்த பாக்கெட் எல்லாம் யார் போட்ட சட்டம் என்று காதர் மைதீன் திருப்பிக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். ஜோஸ்மி கவுண்டரில் விரல்களைக் கோத்துக்கொண்டு நிற்கிறாள். சுபிஷாவின் தாள்கள் இன்னும் முதலாளியின் மேசையில்தான் இருக்கின்றன. போனை எடுக்கிறவர் என்ன சொல்கிறார் என்பதை நீங்கள் சொல்லுங்கள். அவளை எனக்கு நெருக்கமாகத் தெரிந்துவிட்டது, இனி நான் நியாயமாகச் சொல்லமாட்டேன்.

ஆனால் எந்த முடிவை எடுத்தாலும் அந்த ஊறுகாய் பாட்டிலை மட்டும் நகர்த்தாதீர்கள். வேலை செய்கிற ஏற்பாடு அதுதான்: காருக்குப் போய்த் திரும்பி வரும் சில்லறையைக் கல்லாவில் போடக் கூடாது. கவுண்டர் மேல் எல்லோரும் பார்க்கிற பாட்டிலில் போட வேண்டும். கையில் ஐம்பதோ நூறோ ஃபில்ஸ் குறைகிற வாடிக்கையாளர்கள் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். நாலு மணிக்குக் கல்லாவை மட்டும் எண்ணினால் போதும், சரியாக வரும்.